மோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது?

விடிகாலை ஐந்தரை மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்க்கிறீர்கள். தொட்டி மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. இரை கேட்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். இரைக்கு வரும் மீன் நம்மைக் கண்டதும் கண்ணாடிப் பக்கம் ஓடிவரும். மூச்சுக்கு வந்த மீன் நம்மைக் கவனிக்காது. தண்ணீரும் காற்றும் சேரும் அந்த விளிம்பிலேயே நிற்கும். செவுள் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் திண்டுக்கல்லில் மீன் வளர்ப்பவர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு.

உடனே கடைக்கு ஓடுகிறோம். “அண்ணே, ரெண்டாயிரம் லிட்டர் மோட்டார் போட்டா சரியாயிடுமா?” என்று கேட்கிறோம். பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் மோட்டாரே போதும். அதை வைத்த இடமும் அது பார்க்கும் திசையும்தான் மாற வேண்டும். ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்தால் ஏன், எப்படி என்று பேசிவிடலாம்.

மீனின் நெருக்கடியிலிருந்து தொடங்குகிறேன். நாம் இழுக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடியது எட்டேகால் மில்லிகிராம் மட்டும். 30 டிகிரியில் அது ஏழரை. 35 டிகிரியில் ஏழுக்கும் சற்றுக் கீழே. நம்மைவிட முப்பது நாற்பது மடங்கு குறைந்த வரவை வைத்துக்கொண்டுதான் மீன் எப்போதும் காலம் தள்ளுகிறது. அதன் உடல் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்கும். தண்ணீர் பத்து டிகிரி சூடானால் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெளியே வெயில் 38 டிகிரியைத் தொடும் நாளில் மாடி அறைத் தொட்டியின் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். வரவு குறையும் அதே நேரத்தில் செலவு கூடுகிறது.

அந்தக் குறைந்த வரவும் ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். செடி இல்லாத தொட்டியில் தண்ணீரின் மேற்பரப்பைத் தவிர வேறு வாசல் கிடையாது. அங்கே நுழைந்த ஆக்சிஜன் தானாகக் கீழே இறங்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீருக்குள் அது ஊர்வது, காற்றுக்குள் ஊர்வதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. துளியும் அசையாத தண்ணீரில் ஓர் அடி ஆழம் போய்ச் சேர அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மீன் நீந்துவதாலும் சூடு குளிர் வேறுபாட்டாலும் தண்ணீர் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். ஆனால் பத்து மீன் நிற்கும் தொட்டிக்கு அந்தக் கலக்கம் போதாது.

டீக்கடையில் மாஸ்டர் ஆற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். டம்ளரில் கிடக்கும் டீயின் மேலே எவ்வளவு ஊதினாலும் அது மெதுவாகத்தான் ஆறும். அவர் உயரத் தூக்கி ஊற்றும்போது உள்ளே இருந்தது வெளியே வருகிறது, அடியில் கிடந்தது மேலே வருகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் காற்றைத் தொட ஒரு முறை வாய்க்கிறது. மீன் தொட்டியில் மோட்டாருக்கு நாம் தரும் வேலையும் அவ்வளவுதான்: அடித் தண்ணீர் மேலே வர வேண்டும், மேல் தண்ணீர் அடிக்குப் போக வேண்டும், இது இரவும் பகலும் ஓயாமல் நடக்க வேண்டும். இனி நான் சொல்லப் போகிற எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

குமிழி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏர் ஸ்டோனிலிருந்து எழும் குமிழிக்குள் இருக்கும் ஆக்சிஜன்தான் தண்ணீரில் கரைகிறது என்று பலர் நம்புகிறோம். ஓரளவு கரையும். ஆனால் ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தைக் குமிழி சில நொடிகளில் கடந்துவிடுகிறது. அதன் பெரிய உதவி வேறு. மேலே போகும்போது சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. மேலே வெடித்துப் பரப்பைக் கலைக்கிறது. ஆகவே அழகுக்காகப் பாதி ஆழத்தில் தொங்கவிடப்பட்ட ஏர் ஸ்டோன் பாதி வேலைதான் செய்யும். அதை அடிவரை இறக்குங்கள். மோட்டாரின் பாய்ச்சல் எட்டாத மூலையாகப் பார்த்து வையுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதே வழியில்தான் ஓடுகிறது. குமிழி ஏறும்போது அடித் தண்ணீர் பஞ்சு வழியாக உள்ளே இழுபட்டுக் குழாயில் மேலே வருகிறது. சின்னத் தொட்டிக்கும் குஞ்சுத் தொட்டிக்கும் இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

இனி மோட்டார். திண்டுக்கல் வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டடி, மூன்றடி நீளத் தொட்டிகள். பின்கண்ணாடியின் நடுவில் மோட்டாரை ஒட்டி, அதன் வாயை நேராக முன்கண்ணாடியைப் பார்த்து விடுவது வழக்கமாகிவிட்டது. நடுவில் இருந்தால் எல்லாப் பக்கமும் போகும் என்ற எண்ணம். நடப்பது வேறு. பாய்ச்சல் ஓர் அடி தூரத்தில் கண்ணாடியில் மோதிச் சிதறுகிறது. நடுவில் மட்டும் கொந்தளிப்பு. இரு ஓரங்களிலும் தேக்கம். மீனுக்கு நடுவில் நிற்க முடிவதில்லை, ஓரத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதில்லை.

குட்டைப் பக்கக் கண்ணாடிக்கு மோட்டாரைக் கொண்டுபோங்கள். வாய் தொட்டியின் நீளவாக்கில் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கட்டும். நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வாய் இருக்கட்டும். சற்றே மேல் நோக்கிச் சாய்ந்திருந்தால் மேற்பரப்பில் சுருக்கம் விழும். தண்ணீர் மேல் வழியாக நீள ஓடும், எதிர்க்கண்ணாடியில் மோதிக் கீழே இறங்கும், மணலை ஒட்டித் திரும்பி வரும். முழுத் தொட்டியும் ஒரே சுற்றில் வந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு உண்டு. குழாய் வாயிலிருந்து பாயும் நீர் தனியாகப் போவதில்லை. பக்கத்தில் சும்மா நிற்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் அகல வாயிலிருந்து புறப்பட்ட பாய்ச்சல், தடையில்லாத நீரில் 45 சென்டிமீட்டர் போவதற்குள் தன் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். அதே இடத்தில் அது நகர்த்தும் தண்ணீரோ புறப்பட்டதைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. கண்ணாடிச் சுவருக்குள் இந்த அளவு கொஞ்சம் குறையும், போக்கு மாறாது. இதன் பொருள், பாய்ச்சலுக்கு ஓட இடம் கொடுத்தால் சின்ன மோட்டாரே பெரிய வேலை செய்யும் என்பதுதான். ஓர் அடியில் சுவரில் முட்டவிட்டால் அந்த லாபம் கைக்கு வராது. மூன்றடி நீளம் ஓடவிட்டால் மீனுக்கு மென்மையான நீரோட்டமும் கிடைக்கும், தண்ணீரும் அதிகம் நகரும்.

இன்னொரு சின்ன நுட்பம். பாய்ச்சலைப் பின்கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் விட்டால் அது கண்ணாடியைத் தழுவிக்கொண்டே வெகுதூரம் போகும். பரப்பைத் தழுவும் இந்தக் குணத்துக்கு ருமேனியப் பொறியாளர் ஹென்ரி கோவாண்டாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். தொட்டியின் பின்புறம் மோட்டார் ஒயரும் குழாயும் மறைந்திருக்கும் இடத்தில் அழுக்கு சேர்ந்தால், மோட்டாரின் வாயைப் பின்கண்ணாடிப் பக்கம் ஒரு விரற்கடை திருப்பினால் போதும். அந்த வழியே ஓட்டம் போய்ச் சுத்தமாகும்.

தண்ணீரை உறிஞ்சும் வாய் எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. வெளியே வரும் வாய் ஒரு கோடியில், உறிஞ்சும் வாய் மறு கோடியில் என்று வைப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் ஓடிவந்த தண்ணீரை எதிர்முனை அப்படியே விழுங்கிவிடும். அடித் தண்ணீர் ஒதுங்கியே கிடக்கும். வெளிவாய் மேலே, உறிஞ்சும் வாய் அதே பக்கத்தில் அடியில் என்று வைத்தால் தண்ணீர் முழுச் சுற்றுச் சுற்றிய பிறகே திரும்ப வரும். வரும் வழியில் மணல் மேல் கிடக்கும் கழிவையும் தள்ளிக்கொண்டு வரும். மணலுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே உறிஞ்சும் வாய் நின்றால் மணலை இழுக்காது. குஞ்சு மீனோ இறாலோ இருந்தால் வாய்க்கு ஒரு பஞ்சு உறை மாட்டிவிடுங்கள்.

டாப் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் ஊரில் தொட்டியோடு சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் அதைத்தான். மேலே பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, பெட்டியோடு ஒட்டித் தொங்கும் மோட்டார். அந்த மோட்டார் மேல் ஓரத்திலேயே தண்ணீரை எடுத்து மேல் ஓரத்திலேயே விடுகிறது. சலசல என்று சத்தம் வரும், தண்ணீர் விழும் அழகு இருக்கும், மேல் நான்கு விரல் ஆழத் தண்ணீர் பளிங்காக இருக்கும். அடியில் அசைவே இருக்காது. உறிஞ்சும் வாயில் ஒரு நீட்டுக் குழாயைப் பொருத்தி அடிவரை இறக்கிவிட்டால் அதே டாப் ஃபில்டர் முழுத் தொட்டிக்கும் வேலை செய்யும். செலவு மிகக் குறைவு. பெரிய மோட்டார் வாங்கப் புறப்படும் எவரையும் இந்தக் குழாயை முதலில் மாட்டிவிட்டு ஒரு வாரம் பொறுக்கச் சொல்வேன்.

துளைக்குழாய் என்றொன்று உண்டு, ஸ்ப்ரே பார் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். நீளக் குழாயில் வரிசையாகச் சின்னத் துளைகள். அதைப் பின்கண்ணாடி மேல் ஓரத்தில் நீளமாக ஒட்டலாம். சின்னத் துளையிலிருந்து வரும் பாய்ச்சல் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால் மீனை அடிக்காது. முன்கண்ணாடி வழியே இறங்கி, அடி வழியாகப் பின்புறம் திரும்பும். நான்கடி நீளத்துக்கு மேற்பட்ட தொட்டிக்கும், மெதுவான நீரை விரும்பும் மீனுக்கும் இது நல்ல ஏற்பாடு.

மோட்டாரை இடம் மாற்றியபின் சுற்று சரியாக வருகிறதா என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். இரைத் துகளை விரலால் நுணுக்கி ஒரு சிட்டிகை மேலே தூவுங்கள். துகள் போகும் வழிதான் தண்ணீரின் வழி. எங்கே போய் நின்று சுழலாமல் இறங்குகிறதோ அதுதான் தேங்கும் மூலை. மறுநாள் காலை கழிவு எங்கே குவிந்திருக்கிறது என்றும் பாருங்கள். அதுவும் அதே இடத்தைத்தான் காட்டும். அங்கே உறிஞ்சும் வாயை நகர்த்தலாம், இல்லையென்றால் ஏர் ஸ்டோனை வைக்கலாம். பல தொட்டிகளில் குற்றவாளி மோட்டார் அல்ல, கல். பின்கண்ணாடியோடு ஒட்டி அடுக்கிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் போகவே வழியில்லை. கல்லை நான்கு விரல் முன்னால் இழுத்து வைத்து, அடியில் ஓட்டம் நுழைய இடைவெளி விட்டால் அந்தத் தொல்லை தீரும்.

எவ்வளவு ஓட்டம் என்பதை மீனிடம்தான் கேட்க வேண்டும். ஃபைட்டர் தாய்லாந்தின் வயல் தண்ணீரிலும் சதுப்பிலும் பிறந்த மீன். நம் பனையேறிக் கெண்டையைப்போல் மேலே வந்து காற்றையே மூச்சாக இழுக்கவும் அதற்கு உறுப்பு இருக்கிறது. கௌராமிக்கும் அப்படியே. வளர்த்துப் பெருக்கிய நீள வாலைச் சுமந்துகொண்டு ஃபைட்டர் வேகமான நீரில் நிற்க முடியாது. நாள் முழுக்க ஒரு மூலையில் ஒதுங்கி ஓய்ந்துபோகும். ஏஞ்சல் அமேசானின் மெதுவான நீரிலிருந்து வந்தது. உருண்டை வயிற்றுக் கோல்டு ஃபிஷ் சீனத்துக் குளங்களிலும் ஜாடிகளிலும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. அதற்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், வேகம் ஆகாது. இவற்றுக்கெல்லாம் துளைக்குழாய் அல்லது ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை மீன்களின் குணம் நேரெதிர். கொடைக்கானல் சரிவில் இறங்கும் ஓடைகளில் கல்லோடு ஒட்டிக்கொண்டு பாசி மேயும் மீன்களைப் பார்த்திருப்பீர்கள். வேகமும் குளிர்ச்சியும் நிறைந்த ஆக்சிஜனும் அவற்றுக்குப் பழக்கம். கடைகளில் ‘மிஸ் கேரளா’ என்று விற்கும் சிவப்புக் கோட்டு மீன் கேரளத்து மலை ஆறுகளின் மீன். இப்போது அருகிவரும் இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. வளர்க்க ஆசைப்பட்டால் பண்ணையில் பெருக்கியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஓடும் நீரில் அவை எதிர்நீச்சல் போட்டு நிற்பதைப் பார்த்தவருக்கு, தேங்கிய தொட்டியில் அவற்றை விட மனம் வராது. எந்த மீனானாலும் ஒதுங்கி இளைப்பாற ஓர் இடம் வேண்டும். பாய்ச்சலின் வழியிலிருந்து விலகி ஒரு பெரிய கல்லோ செடிப் புதரோ இருக்கட்டும்.

மோட்டாரின் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு கன அடி 28 லிட்டர். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஆறே முக்கால் கன அடி, சுமார் 190 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடைவெளி போக 160 லிட்டர் என்று வையுங்கள். ஃபில்டர் வழியாக மணிக்கு நான்கு முதல் ஆறு முறை முழுத் தண்ணீரும் போய்வந்தால் பெரும்பாலான நன்னீர்த் தொட்டிக்குப் போதும். ஆக 800 லிட்டர் மோட்டார். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை மேலே ஏற்றாமல், பஞ்சு இல்லாமல் அளந்தது. அடித் தொட்டியிலிருந்து மேலே ஏற்றுவதாக இருந்தால் பெட்டியில் எச் மேக்ஸ் என்று போட்டிருப்பதையும் பாருங்கள். அந்த உயரத்தில் மோட்டார் ஒரு சொட்டுக்கூடத் தராது, அதற்கு நெருங்க நெருங்க வரத்து குறைந்துகொண்டே போகும். கடல் தொட்டியில் மணிக்கு இருபது மடங்குக்கு மேல் ஓட்டம் வைப்பார்கள், வேவ் மேக்கரால் திசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். அதைப் பார்த்து நன்னீர்த் தொட்டிக்கு வேவ் மேக்கர் வாங்க வேண்டாம்.

தண்ணீரைச் சுற்றவிட வேண்டும் என்ற எண்ணமே பிற்பாடு வந்ததுதான். 1850 வாக்கில் இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் செடியும் மீனும் நத்தையும் சேர்ந்தால் அசையாத தொட்டியும் நிலைக்கும் என்று காட்டினார். கொஞ்சம் மீனுக்கு அது சரி. பொதுமக்கள் பார்க்கும் பெரிய காட்சியகத்துக்கு அது தாங்கவில்லை. வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு என்பவர், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறந்த காட்சியகத்தில், கீழே இருட்டில் பெரிய நீர்த்தேக்கம் வைத்து அங்கிருந்து தொட்டிகளுக்கு ஓயாமல் நீரைச் சுற்றவிட்டார். இன்று வீட்டுத் தொட்டியின் அடியில் வைக்கும் சம்ப் அதே யோசனைதான். நம் பக்கத்தில் 1909இல் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் வந்தது. அரசு அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சி அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது.

நம் ஊர்த் தண்ணீருக்கு வருகிறேன். வீட்டில் இரண்டு குழாய் இருக்கும்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் வருவது முதலாவது. போரில் வருவது இரண்டாவது. கடினப் பாறைப் பூமி என்பதால் போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் கூடுதல். தோல் பதனிடும் ஆலைகள் இருக்கும் பக்கங்களில் நிலத்தடி நீர் இன்னும் கெட்டுப்போயிருக்கிறது, அங்கே போர் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே வேண்டாம். உப்புத் தண்ணீரின் கார நிலை (pH) பெரும்பாலும் 8ஐ ஒட்டி இருக்கும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு, 30 டிகிரியில் கார நிலை 7 என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 என்றால் நூற்றில் ஏழெட்டு. அதே அளவு கழிவு, அதே அளவு மீன், நஞ்சு மட்டும் சுமார் ஒன்பது மடங்கு. இந்த அம்மோனியாவைத் தின்று மாற்றும் பாக்டீரியா பஞ்சிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அதற்கு நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். ஓட்டம் போகாத பஞ்சில் அது வேலை செய்யாது. ஆகவே நல்ல தண்ணீர்த் தொட்டியில் பொறுத்துப்போகும் ஒரு தேக்க மூலை, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மீனைக் கொன்றுவிடக்கூடும்.

உப்பு மோட்டாரையும் விடாது. உள்ளே இருப்பது காந்தச் சக்கரம், பீங்கான் தண்டில் சுழல்வது. எந்தப் பக்கம் சுழன்றும் தொடங்கலாம் என்பதால்தான் அதன் இதழ்கள் வளைவில்லாமல் நேராக இருக்கின்றன. சுண்ணாம்புப் படிவு தண்டைப் பிடித்ததும் வரத்து மெல்ல மெல்லக் குறையும், வெளியே தெரியாது. பிறகு ஒருநாள் உறுமும், சுழலாது. மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, தண்ணீர் கலந்த வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். மோட்டார் பழுது என்று தூக்கிப் போடுவதில் பல இந்தக் கழுவலிலேயே பிழைத்துவிடும்.

கோடையில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். இங்கே வெயில் காலக் காற்று வறண்டது. மூடியைச் சற்றுத் திறந்துவைத்து, மேற்பரப்பின் குறுக்கே ஒரு சின்ன ஃபேனை ஓடவிட்டால் நீர் ஆவியாகித் தொட்டி இரண்டு மூன்று டிகிரி குளிரும். மோட்டார் அடித் தண்ணீரை மேலே கொண்டுவந்தால்தான் அந்தக் குளிர்ச்சியும் அடிவரை போகும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்ததை ஈடுகட்டப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் சில வாரங்களில் உப்பு ஏறிவிடும். ஈடுகட்ட மழைத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், குளோரின் போக்கிய நல்ல தண்ணீர் இவற்றில் ஒன்று போதும்.

கடைசியாகக் கரண்ட். இரவில் சத்தம் என்றும் செலவு என்றும் மோட்டாரை அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மீனுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. வெளிச்சம் போனதும் செடிகள் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிட்டு மீனோடு சேர்ந்து தாமும் எடுக்கத் தொடங்கும். விடிவதற்கு முன்புதான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். 15 வாட் மோட்டார் மாதம் முழுக்க இரவும் பகலும் ஓடினாலும் சுமார் 11 யூனிட்தான் ஆகும். உறுத்தும் சத்தமாக இருந்தால் மோட்டார் கண்ணாடியில் உரசுகிறதா, தண்டில் படிவு இருக்கிறதா என்று பாருங்கள், அணைக்காதீர்கள்.

மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி மாலையில் கொடுக்கும் நாளைப் பத்திரிகையில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு இரை வேண்டாம். வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினியில் சாகாது; இரை போட்டாலோ செரிக்கும் வேலைக்கு ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும். பேட்டரி ஏர் மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2012இல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போன காலத்தில் மீன் வளர்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதுவும் இல்லையென்றால் கால் மணிக்கு ஒரு முறை ஒரு ஜக்கில் மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

ஏர் மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி இறங்கி மோட்டாரையும் தரையையும் நனைக்கும்; மேலே வைக்க இடமில்லாவிட்டால் டியூபில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். சம்ப் வைத்தவர்கள் மேலே ஏறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டுவிட வேண்டும். மோட்டார் நின்றதும் அந்தத் துளை காற்றை இழுத்து, தொட்டி முழுதும் கீழே வழிந்துவிடாமல் நிறுத்திவிடும். ஒயரெல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி மேலேறட்டும். ஒயர் வழியாக ஒழுகும் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், சுவிட்சுக்குப் போகாது. தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைப்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். வெளியே மூடி வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் இருந்து, கரண்ட் சில மணி நேரம் வராமல் போனால், உள்ளே பாக்டீரியா மூச்சுமுட்டி அழுகல் தொடங்கியிருக்கும். கரண்ட் வந்ததும் ஓடவிடாதீர்கள். திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை அலசி, பிறகு மாட்டுங்கள்.